கணவர் கஞ்சா புகைத்தால் பிள்ளைக்குக் குறை வருமா?

கேள்வி: ஏழு வாரக் கர்ப்பம், முதல் பிள்ளை. இவர் கல்யாணத்துக்கு முன்னமே இரவில் கஞ்சா புகைப்பவர். கனடாவில் சட்டப்படி விற்கிற சாமான்தானே என்கிறார். எனக்குச் சத்தி (வாந்தி) நிற்கவே இல்லை. கஞ்சாக் கடைப் பெடியன், 'கம்மி' என்கிற கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் சாப்பிட்டால் நிற்கும் என்றானாம். பிள்ளையை நினைத்து நித்திரை இல்லை.
- பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்: தங்கச்சி, அந்தக் கம்மியைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் 400 கஞ்சாக் கடைகளுக்குப் போன் போட்டு, எட்டு வாரக் கர்ப்பம், மசக்கை தாங்க முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். 100க்கு 69 கடைகள் கஞ்சாவையே சிபாரிசு செய்தன, 2018இல் வெளிவந்த ஆய்வு இது. கடைக்காரர் பேச்சை நம்பாதீர்கள். சத்திக்கு டைக்லெக்டின் மாத்திரை இருக்கிறது, உங்கள் டாக்டரே எழுதித் தருவார்.

கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போகும், கொழுப்பில் தங்கிவிடுவதால் சீக்கிரம் வெளியேறாது. ஏழாவது வாரம் என்றால் பிள்ளையின் இதய அறைகள் பிரிந்துகொண்டிருக்கும் நேரம். அமெரிக்காவில் பிறவிக் குறைகளைப் பற்றி நடந்த பெரிய ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் கஞ்சா எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மண்டையோடு மூடாத குறையும், வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் வெளியே வருகிற குறையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் கஞ்சா எடுப்பவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பவர்கள், அதனால் எல்லாப் பழியையும் கஞ்சா மேல் போட முடியாது. அந்தக் குடல் குறையும் ஏறக்குறைய 2000 பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. குறைமாதப் பிரசவம்தான் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. உங்கள் ஒன்டாரியோவிலேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து 2019இல் வந்த ஆய்வில், கஞ்சா எடுத்தவர்களில் 100க்கு 12 பேருக்கு அப்படி ஆனது, எடுக்காதவர்களில் 6 பேருக்கு. புகையிலை போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை.

சரி, இவர் விஷயம். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் புகைக்கும் டென்மார்க் இளைஞர்களுக்கு விந்தணுச் செறிவு 28 சதவீதம் குறைவாக இருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தார் விந்தணுவின் டிஎன்ஏ மேலுள்ள வேதி அடையாளங்கள் மாறியிருப்பதையும் பார்த்தார்கள், 24 ஆண்களை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு அது. அப்பா புகைத்ததால்தான் இந்தக் குறை வந்தது என்று அடித்துச் சொல்லும் சான்று இன்றைக்கு இல்லை, ஆகவே நடந்து முடிந்ததை நினைத்து அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் இனி வீட்டுக்குள் புகை கூடவே கூடாது, அந்தப் புகை வழியாகவும் டிஎச்சி உங்களுக்குள் வரும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது அவர் மூன்று மாதம் முன்பே நிறுத்தட்டும், புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும்.

நீங்களும் எப்போதாவது எடுத்திருந்தால் எந்த வாரம், எவ்வளவு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஃபோலிக் ஆசிட்டை விடாதீர்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் மண்டையோடு, வயிற்றுச் சுவர், இதய அறைகள் மூன்றையும் பார்ப்பார்கள்; அந்தத் தேதியை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.