கைபேசியில் திணறும் வரைபடங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லீஃப்லெட்டில் (இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் நிரல் நூலகம்) எங்கள் நகரின் 30,000 தெருவிளக்குகளைக் காட்டுகிறேன். மடிக்கணினியில் ஓடுகிறது, கைபேசியில் உறைந்துவிடுகிறது. வேறு நூலகத்துக்கு மாறவேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். லீஃப்லெட்டின் வழக்கமான மார்க்கர் (இடத்தைக் குறிக்கும் ஊசிப் படம்) ஒவ்வொன்றும் இணையப் பக்கத்தில் ஒரு தனி எச்டிஎம்எல் உறுப்பு. அதன் நிழலுக்கு இன்னொரு படம். ஆக, 60,000 உறுப்புகளைக் கைபேசியின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் பிரவுசர் அத்தனைக்கும் புது இடம் கணக்கிட வேண்டும்.

மார்க்கருக்குப் பதில் சர்க்கிள் மார்க்கரை, அதாவது சிறு வட்டத்தைப் போட்டு, எல்லாவற்றையும் கேன்வாஸ் என்ற ஒரே படப்பரப்பில் வரையச் சொல்லுங்கள். ஒரு வரி மாற்றம்தான், வித்தியாசம் உடனே தெரியும். அடுத்தது கிளஸ்டர், அதாவது அருகருகே உள்ள புள்ளிகளை ஒரே குறியாகத் திரட்டுவது. நகரம் முழுதும் திரைக்குள் அடங்கும்போது தனித்தனி விளக்கைப் பார்த்து யாருக்கு என்ன பயன்? பகுதிவாரியாக எண்ணிக்கை தெரியட்டும், நெருங்கிப் போகும்போது பிரியட்டும். புள்ளிகள் லட்சக்கணக்கில் போனால்தான் வெப்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு பிரவுசரில் வரையும் முறை) வழி: மேப்லிப்ரே நூலகம், அல்லது உபர் நிறுவனத்தில் பிறந்த டெக்ஜிஎல்.

இன்னொன்று. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு தினமும் அதில் சோதியுங்கள். விளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர் கையில் அந்தக் கைபேசிதான் இருக்கும்.

சென்னையில் வைத்த புள்ளி வடதுருவப் பக்கம் போய் நிற்கிறது. ஏன்?

அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். லீஃப்லெட் அட்சத்தை முதலில் கேட்கிறது. ஜியோஜேசனும் (இடத் தரவை எழுதும் கோப்பு வடிவம்) மேப்லிப்ரேயும் தீர்க்கத்தை முதலில் கேட்கின்றன.

வார்டு எல்லைகள் உள்ள ஜியோஜேசன் கோப்பு 20 எம்பி. திறக்கவே அரை நிமிடம் ஆகிறது.

கோப்பைத் திறந்து எண்களைப் பாருங்கள். புள்ளிக்குப் பின் 15 இலக்கம் இருக்கிறதா? அது ஏறக்குறைய ஓர் அணுவின் அகலத்துக்கான துல்லியம். ஐந்து இலக்கமே சுமார் ஒரு மீட்டர்வரை சொல்லிவிடும். மிச்சத்தை வெட்டுங்கள்.

அடுத்து, கோடுகளை எளிதாக்குங்கள், அதாவது வடிவம் கெடாமல் புள்ளிகளைக் குறையுங்கள். 1973-இல் வந்த டக்ளஸ்-பாய்க்கர் முறை இன்றும் நன்றாக உழைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வார்டையும் தனியாக எளிதாக்கினால் பக்கத்து வார்டோடு பொருந்தாமல் நடுவே இடைவெளி விழும். மேப்ஷேப்பர் என்ற கருவி பொது எல்லையை ஒரே கோடாக நினைவில் வைத்திருப்பதால் அந்தச் சிக்கல் வராது. பல வருடமாக நான் வேறு எதையும் தேடவில்லை.

அப்படியும் கனமாக இருந்தால், டிப்பிகனூ என்ற கருவியைக் கொண்டு வெக்டர் டைல்களாக்கி (கோட்டுத் தரவைச் சதுரத் துண்டுகளாக வெட்டி), பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில் அடக்குங்கள். தனி டைல் வழங்கி (சர்வர்) வேண்டாம், சாதாரண சேமிப்பகமே போதும். திரையில் தெரியும் பகுதிக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் பிரவுசர் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மேப்லிப்ரேயில் ‘கொடைக்கானல்’ சிதறித் தெரிகிறது. எழுத்துரு மாற்றியும் பலனில்லை.

எழுத்துருவில் பிழையில்லை. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் அதன் பின்னால் ஒகரக் குறியும். திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் வரவேண்டும். ‘டை’யின் சங்கிலிக் கொம்பும் அப்படியே முன்னால் போகவேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இந்தக் கோர்ப்பு வேலையை ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் செய்கிறது. வெப்ஜிஎல் வரைபட நூலகங்கள் அந்த வழியே போகாமல், ஒவ்வொரு குறிக்கும் முன்கூட்டியே செய்த சிறு படங்களை வரிசையாக ஒட்டும் முறையில் வளர்ந்தவை. லத்தீன் எழுத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது.

முப்பது நாற்பது ஊர்கள்தான் என்றால் பெயர்களை எச்டிஎம்எல் மார்க்கராக வையுங்கள். பிரவுசரே சரியாகக் கோர்த்துவிடும். ஆயிரக்கணக்கில் என்றால், பெயர்களை மட்டும் மேப்னிக் என்ற மென்பொருள் கொண்டு வழங்கியில் வரைந்து, பின்புலம் இல்லாத பட டைல்களாக வெக்டர் வரைபடத்தின் மேல் போர்த்துங்கள். கூடுதல் உழைப்புதான். ஆனாலும் ஆங்கிலப் பெயரோடு விட்டுவிடாதீர்கள். தன் ஊர்ப் பெயரைத் தன் எழுத்தில் படிக்க முடியாதவருக்கு அந்த வரைபடம் பாதிதான் உதவும். எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் உண்டு. உங்கள் ஊருக்கு அது காலியாக இருந்தால் நீங்களே நிரப்பலாம்.

டெங்கு பாதிப்பைச் சிவப்பு, பச்சையில் காட்டினேன். சென்னைதான் எப்போதும் அடர்சிவப்பு. சரிதானா?

மக்கள் அதிகம் உள்ள இடத்தில் நோயாளிகளும் அதிகம் இருப்பார்கள். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துவிட்டு நிறம் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்ந்து போகட்டும், ஐந்து படிகள் போதும். வரைபடவியல் அறிஞர் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் நிறத் தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல்களை என் செயலியில் இலவசமாகப் போடலாமா?

தரவு இலவசம், பங்களித்தவர்களைக் குறிப்பிடவேண்டும். டைல் வழங்கிகள் நன்கொடையில் ஓடுகின்றன. மொத்தமாகப் பதிவிறக்குவது அங்கே தடை. பயன்பாடு பெருகுமென்றால் சொந்த பிஎம்டைல்ஸ் கோப்புக்குப் போய்விடுங்கள்.

இந்தியாவில் வெளியிடுகிறவர்கள் காஷ்மீர், அருணாச்சல் எல்லைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் களத்தில் யார் கட்டுப்பாடு என்பதை வைத்தே எல்லை வரைகிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறாக இந்தியாவைக் காட்டி வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். வரைபடத்தின் தோற்றத்தை வரையறுக்கும் ஸ்டைல் கோப்பில் நாட்டு எல்லை அடுக்கை நீக்கிவிட்டு, நில அளவைத் துறையின் எல்லைக்கோட்டைத் தனி அடுக்காகச் சேருங்கள்.