ரிவியூ வகுப்பில் சேருமுன் தேர்வுத் தேதியைக் குறியுங்கள்

கேள்வி: மதுரையில் பி.காம். முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பார்த்துவந்தேன். திருமணத்துக்குப் பின் டெக்சாஸ் வந்துவிட்டேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முதுநிலைப் படிப்பில் பாதி தாண்டிவிட்டேன். வரும் ஜனவரிப் பருவத்தில் அமெரிக்கக் கணக்காளர் உரிமத் தேர்வான சி.பி.ஏ.வுக்குத் தயார்செய்யும் ‘சி.பி.ஏ. ரிவியூ’ என்று மூன்று கிரெடிட் விருப்பப் பாடம் ஒன்று இருக்கிறது. பதினைந்து வாரமும் அந்தத் தேர்வின் நிதிக் கணக்கியல் தாளான ஃபார் தாளை மட்டும் நடத்துகிறார்கள். துறை ஆலோசகர் எடுக்கச் சொல்கிறார். என் கணவரோ, “அந்தப் பணத்துக்குப் பயிற்சித் தொகுப்பையே வாங்கி வீட்டில் படிக்கலாமே” என்கிறார். எனக்கு வயது 34, மகனுக்கு 4. இந்த வகுப்பை நம்பித் தேர்வு எழுதலாமா? ஜூன் மாதம் தங்கை திருமணத்துக்கு ஊருக்கு வருகிறோம். அப்போது சென்னையிலேயே எழுதிவிட முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பிளேனோ, டெக்சாஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வயதை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. 34 வயதில், பேரேட்டோடு பழகிய கையோடு வருகிறவருக்கு, 22 வயதில் பாடப்புத்தகத்தை மட்டும் பார்த்தவரைவிடச் சில இடங்களில் வசதிதான்.

அடுத்து, உங்கள் ஆலோசகர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம். டெக்சாஸ் மாநிலக் கணக்காளர் வாரியத்தின் விதிப்படி, சி.பி.ஏ. ரிவியூ வகுப்பை மேல்நிலைக் கணக்கியல் பாடமாக எண்ணிக்கொள்ள முடியாது. பல்கலைக்கழகமே நடத்தினாலும் சரி, தனியார் நிறுவனம் நடத்தினாலும் சரி. உங்கள் பட்டத்துக்கு அந்த மூன்று கிரெடிட் உதவலாம். உரிமத்துக்குக் கேட்கப்படும் மேல்நிலைக் கணக்கியல் கிரெடிட்டுகளில் அது சேராது. பட்டம் தருவது பல்கலைக்கழகம், உரிமம் தருவது வாரியம். இரண்டும் வைத்திருக்கும் பட்டியல்கள் வேறு வேறு. பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு, “இன்னும் ஒரு பாடம் குறைகிறது” என்று வாரியத்திலிருந்து கடிதம் வருவதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை.

ஆகவே பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன் வாரியத்துக்கு ‘அப்ளிகேஷன் ஆஃப் இன்டென்ட்’ என்னும் முதல்நிலை விண்ணப்பத்தை அனுப்புங்கள். உங்கள் சான்றிதழ்களைப் பார்த்து, எது சேரும், எது குறைகிறது என்று அவர்களே எழுதிவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இந்தியாவின் மூன்றாண்டு பி.காம். பட்டத்தை அமெரிக்காவின் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு இணையாக எல்லா இடங்களிலும் ஏற்பதில்லை. பெரும்பாலும் 90 கிரெடிட் அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். டெக்சாஸில் தேர்வு எழுதவே 120 கிரெடிட் வேண்டும். வாரியம் அங்கீகரித்த மூன்று கிரெடிட் அறநெறிப் பாடமும் தனியாகக் கேட்பார்கள். அதை முடித்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

உரிமத்துக்கு 150 கிரெடிட் வேண்டும் என்ற விதியைத் தளர்த்திவிட்டார்களே, முதுநிலைப் பட்டம் இனி எதற்கு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். உண்மைதான், இளநிலைப் பட்டமும் ஈராண்டு அனுபவமும் போதும் என்ற மாற்றுவழிக்கு 2025இல் டெக்சாஸும் சட்டம் இயற்றியது. ஆனால் அந்த வழிக்கு ஏற்கத்தக்க இளநிலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த அடித்தளமே கேள்விக்குறி என்பதால் முதுநிலைப் படிப்பை நடுவில் விடாதீர்கள்.

வாரியத்தின் பதில் வந்ததும் கணக்கு எளிது. மேல்நிலைக் கணக்கியலில் ஒரு பாடம் குறைகிறது என்றால், விருப்பப் பாடத்துக்கான இடத்தை அதற்கே கொடுங்கள். ஃபாருக்கு உங்கள் கணவர் சொன்னபடி தொகுப்பை வாங்கிக்கொள்ளலாம். குறை எதுவும் இல்லை என்றால் ரிவியூ வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். எப்படியும் பட்டத்துக்கு ஒரு விருப்பப் பாடம் எடுத்தே ஆக வேண்டும், அந்தக் கட்டணம் போகத்தான் போகிறது. கணவரின் வாதம் இந்த இடத்தில் நிற்காது. பல பல்கலைக்கழகங்கள் பெக்கர் போன்ற பயிற்சி நிறுவனங்களின் தொகுப்பையே வகுப்பில் பயன்படுத்துகின்றன. உங்கள் வகுப்பில் எது, அதன் விலை கட்டணத்தில் அடங்குமா, பருவம் முடிந்த பிறகும் திறந்து படிக்க முடியுமா என்று பேராசிரியருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு “மே மாதத்தோடு மூடிவிடும்” என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

வகுப்பை நம்பி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பை மட்டும் நம்பி எழுதக் கூடாது. வாரம் மூன்று மணி நேரம் என்றால் பதினைந்து வாரத்தில் 45 மணி நேரம். ஃபார் தாளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் படிப்பு நேரம் 120 முதல் 150 மணி. மிச்சம் 75 முதல் 105 மணி நேரம் உங்கள் வீட்டு மேசையில்தான் நடக்க வேண்டும். அதாவது வாரத்துக்கு ஐந்து முதல் ஏழு மணி. நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது தானாக அமையாது. பணத்தைப் பற்றி உங்கள் கணவர் சொன்ன கருத்தைவிட, சனிக்கிழமை காலை நான்கு மணி நேரம் பிள்ளையை வெளியே அழைத்துப்போவாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, வகுப்பில் ‘ஏ’ வாங்குவதும் தேர்வில் தேறத் தேவையான 75 வாங்குவதும் ஒன்றல்ல. இத்தகைய வகுப்புகளில் வீட்டுப்பாடத்தை முடித்துச் சமர்ப்பித்தாலே கணிசமான மதிப்பெண் கிடைத்துவிடும். தேர்வு அப்படி இரக்கம் காட்டாது. 2024இல் ஃபார் எழுதியவர்களில் தேறியவர்கள் 100க்கு 40க்கும் சற்றுக் குறைவு. அந்த 75 என்பதும் நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற கணக்கு அல்ல, கேள்விகளின் கடினத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவுகோல். பயிற்சித் தேர்வில் 68 சதவீதம் வந்ததே என்று தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தள்ளிப்போடுவதுதான் இந்த வகுப்பில் சேர்கிறவர்களுக்கு வரும் பெரிய வியாதி. பருவம் மே மாதத்தில் முடியும், “இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு எழுதலாம்” என்று தோன்றும், ஜூன் வரும், கல்யாண வேலை வரும். ஆகஸ்டில் புத்தகத்தைத் திறந்தால் குத்தகையும் ஒத்திவைக்கப்பட்ட வரியும் முதல்முறை பார்ப்பதுபோல் இருக்கும். எனவே வகுப்புக்குப் பணம் கட்டும் வாரத்திலேயே தேர்வு அனுமதிக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் தேர்வு நடக்கும் ப்ரோமெட்ரிக் மையத்தில் மே மாதக் கடைசி வாரத்துக்கு இடம் பிடியுங்கள், விமானம் ஏறுவதற்கு முன்பு. தாளுக்கு 260 டாலருக்கு மேல் கட்டணம் கட்டிய பிறகு மனம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

இனி படிப்பு. சென்னையில் அமெரிக்கக் கணக்கு பார்த்தவர் என்பதால் ஃபார் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பதிவுகளும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலும்தான். கல்லூரியில் படித்ததோ இந்தியத் தரநிலை. இரண்டும் தேர்வு அறையில் காலை வாரும் இடங்கள் உண்டு. இந்தியாவில் நிலைச்சொத்தை மறுமதிப்பீடு செய்து மதிப்பை உயர்த்தலாம், அமெரிக்கத் தரநிலையில் முடியாது. ‘கடைசியில் வந்தது முதலில் போகும்’ என்னும் சரக்கிருப்பு முறை இந்தியாவில் இல்லை, அமெரிக்காவில் உண்டு. சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதிய பிறகு விலை ஏறினால் இந்தியாவில் திரும்ப உயர்த்தலாம். அமெரிக்காவில் குறைத்தது குறைத்ததுதான். குத்தகை எடுத்தவருக்கு இந்தியாவின் புதிய தரநிலையில் ஒரே வகைக் கணக்கு, அமெரிக்காவில் நிதிக் குத்தகை, இயக்கக் குத்தகை என்று இரண்டு. இப்படிப்பட்ட இடங்களை ஒரு நோட்டில் தனியே எழுதிக்கொண்டே வாருங்கள். கூட வகுப்பில் இருக்கும் அமெரிக்க மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே பேராசிரியரும் இதைத் தொடமாட்டார்.

ஃபார் தாள் நான்கு மணி நேரம். 50 கொள்குறி வினாக்கள், ஏழு சிமுலேஷன்கள். மதிப்பெண்ணில் ஆளுக்குப் பாதி. நம் பிள்ளைகள் கொள்குறி வினாவில் கெட்டிக்காரர்கள். சிமுலேஷனில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அது கேள்வி போலவே இருக்காது. அலுவலகத்தில் யாரோ உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போன கோப்பு போல இருக்கும். ஒரு குத்தகை ஒப்பந்தம், இரண்டு மின்னஞ்சல்கள், ஒரு வங்கி அறிக்கை. ஒப்பந்தத்தில் தவணை, காலம், வட்டி விகிதம் எல்லாம் இருக்கும். இரண்டாவது மின்னஞ்சலின் கடைசி வரியில், குத்தகையை முடித்துக்கொடுத்த தரகருக்கு 900 டாலர் கொடுத்தாயிற்று என்று போகிற போக்கில் ஒரு தகவல். குத்தகைக்கு எடுத்ததைப் பயன்படுத்தும் உரிமையைக் காட்டும் பயன்பாட்டு உரிமைச் சொத்தில் அந்த 900ஐச் சேர்க்க வேண்டும், இனி கட்ட வேண்டிய தவணைகளைக் காட்டும் குத்தகைப் பொறுப்பில் சேர்க்கக் கூடாது. வங்கி அறிக்கை எதற்கும் தேவைப்படாது, உங்களை அலைக்கழிக்கவே வைத்திருப்பார்கள். கணக்கின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, தொகையைத் தட்டச்சு செய்ய வேண்டும். பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டதே என்று நிம்மதியடைய முடியாது. இரண்டு பக்கமும் அதே 900ஐத் தவறவிட்டாலும் சமமாகத்தான் வரும்.

இதற்கு ஒரே பயிற்சி, முதல் மாதத்திலிருந்தே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இரண்டு சிமுலேஷன் போடுவது. “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்பவர்கள் கடைசியில் பார்ப்பதேயில்லை. தேர்வை வடிவமைக்கும் அமெரிக்கக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரித் தேர்வும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் வரைவுத் திட்டமும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதிரித் தேர்வை ஒருமுறையாவது முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். திரையில் இருக்கும் விரிதாளும் கால்குலேட்டரும்தான் உங்கள் கருவிகள், சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. மூன்றாவது பகுதி முடிந்ததும் 15 நிமிட இடைவேளை தருவார்கள். அந்த நேரம் கடிகாரம் நின்றுவிடும், எழுந்து போய்விட்டு வாருங்கள்.

ஃபாருக்குப் பிறகு? தணிக்கைத் தாள், வரியும் சட்டமும் சேர்ந்த ரெக் தாள், பிறகு மூன்று சிறப்புத் தாள்களில் ஒன்று. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் அமைப்பு. சிறப்புத் தாளில் வரித் தாளுக்குத் தேர்ச்சி விகிதம் அதிகம் என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வரித்துறையிலேயே ஊறியவர்கள்தான் அதைப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். இந்திய வரி படித்த உங்களுக்கு அமெரிக்க வரி கிட்டத்தட்டப் புதிது. ரெக் எழுதிப் பாருங்கள். பிடித்துப்போனால் சூடு ஆறுவதற்குள் வரித் தாளையும் எழுதிவிடுங்கள். எதை எழுதித் தேறினாலும் உரிமம் ஒன்றுதான். முதல் தாளில் தேறியதும் மீதிக்குக் கெடு ஓடத் தொடங்கும். முன்பு 18 மாதமாக இருந்ததைப் பல மாநிலங்கள் 30 மாதமாக நீட்டியிருக்கின்றன. வாரியத்துக்கு எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையில் எழுதுவது பற்றி: இந்தியாவில் 2020 முதல் இந்தத் தேர்வுக்கு மையங்கள் இருக்கின்றன, சென்னையும் அதில் ஒன்று. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் தாளுக்குப் பல நூறு டாலர் கூடுதல் கட்டணம். உங்களுக்கு அது தண்டச் செலவு. தவிர, முகூர்த்தக்கால் நட்ட வீட்டில் மணப்பெண்ணின் அக்காவை நான்கு மணி நேரம் யார் விடுவார்கள்? பிளேனோவிலிருந்து கார் ஓட்டிப் போகும் தூரத்திலேயே மையம் இருக்கிறது. மே மாதம் அங்கே எழுதிவிட்டுக் கிளம்புங்கள். முடிவு வரும்போது நீங்கள் மதுரையில் இருக்கக்கூடும். 75க்குக் கீழே வந்தாலும் கல்யாணம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள், ஜூலையில் மறுபடி இடம் பிடித்துக்கொள்ளலாம்.