வாசகர் கேள்வி பதில்: பிள்ளையின் பள்ளிக்கு ஒரு மணி நேரம்

கேள்வி: மகள் 2ஆம் வகுப்பு. "என்ன உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள், வருகிறேன்" என்று வகுப்பாசிரியையிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "கண்டிப்பாகச் சொல்கிறேன்" என்று சிரிக்கிறார், அவ்வளவுதான். பெற்றோர் வகுப்புக்குள் வருவது பிடிக்கவில்லையோ?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். "என்ன உதவி வேண்டுமானாலும்" என்றால், ஒரு வேலையை யோசித்து, வேண்டியதை எடுத்து வைத்து, உங்களுக்கு விளக்குவதும் அவர் தலையில்தான் விழும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கு நேரம் ஏது?

கேட்பதை மாற்றுங்கள். "செவ்வாய்க்கிழமைகளில் 9.30 முதல் 10.30 வரை வருகிறேன். நான்கு பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பதைக் கேட்கிறேன். 6 வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். காலையில் வாசலில் நின்று சொன்னது அந்தக் கூட்டத்தோடு போய்விடும். அடையாளச் சான்று, படிவம் என்று பள்ளி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். உள்ளே போனதும் கதவு திறந்திருக்கும் இடமாக, மற்றவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். பிள்ளை கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், நீங்கள் கூட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: வாசிப்பைக் கேட்கப் போகிறேன். பிள்ளை தப்பாகப் படித்ததும் திருத்துகிறேன். ஒரு பையன் இரண்டு பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறான். எங்கே பிசகுகிறது?

பதில்: அந்தப் "படித்ததும்" என்பதில்தான். உடனே திருத்தினால், தடுமாறும்போதெல்லாம் பிள்ளை பக்கத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். 1970களின் இறுதியில் நியூசிலாந்தில் உருவான ஒரு முறை இருக்கிறது: பொறு, துப்புக் கொடு, பாராட்டு.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். (இந்த ஐந்து நொடி பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.) தப்பாகப் படித்துவிட்டால் வாக்கியம் முடியும்வரை பேசாதீர்கள். பல தப்புகளைப் பிள்ளையே திரும்பி வந்து சரிசெய்துகொள்ளும்.

துப்பு எல்லாத் தப்புக்கும் ஒன்றல்ல. "யானை மரத்தை முறித்தது" என்பதைப் "பானை மரத்தை முறித்தது" என்று படித்தால், எழுத்தைப் பற்றிப் பேசாமல் "பானை மரத்தை முறிக்குமா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். "நரி ஓடி ஒளிந்தது" என்பதை "நரி ஓடி மறைந்தது" என்று படித்தால் பொருள் கெடவில்லை, கதை புரிந்துதான் படிக்கிறது. அங்கே "அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பார்" போதும். இரண்டு துப்புக்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

பாராட்டும்போது "வெரி குட்" என்று மட்டும் சொல்லாமல், "யானையை நீயே திரும்பிப் போய்த் திருத்தினாயே" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

புத்தகத்தையும் பாருங்கள். 100 சொல்லில் 10க்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அவனுக்கு மிகக் கடினம். 5க்குள் என்றால் தானாகவே படிக்கலாம். உங்கள் பையன் மூடிவைப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒருவருக்கு 10 முதல் 12 நிமிடம் போதும். போகும்முன் தேதி, பக்கம், திணறிய இரண்டு மூன்று சொற்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆசிரியைக்கு வேண்டியது அதுதான், "நன்றாகப் படிக்கிறான்" அல்ல.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், பகலில் வர வழியில்லை. வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. சொல் அட்டை, எண் அட்டை தயாரிப்பதில் ஆசிரியர்களின் மாலைப்பொழுது நிறையப் போகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 30 பேர், மூவருக்கு ஒரு செட் என்றால் 10 செட், தொலைவதற்கு 1 சேர்த்து 11. முதலில் அட்டைகளை வெட்டி, இடைவெளி விட்டு லேமினேஷன் பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி, பிறகு லேமினேட் செய்யுங்கள். கடைசியாக வெட்டும்போது சுற்றிலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு நிற்க வேண்டும். காகிதத்தை ஒட்டி வெட்டினால் ஓரம் பிரிந்துவிடும். கூரான மூலைகளை வளைத்து வெட்டுங்கள், விரலைக் கிழிக்கும். லேமினேட் செய்வதற்கு முன்பே பின்பக்கத்தில் செட்டுக்கு ஒரு குறி போட மறக்காதீர்கள். இல்லையென்றால், 11 செட்டும் தரையில் கொட்டிக் கலந்த அன்று வகுப்பே நின்றுபோகும்.

கேள்வி: உதவிக்குப் போய்வந்தால் மற்ற அம்மாக்கள் "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: "அதை மிஸ்ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள்." நல்லதாக இருந்தாலும் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் புகழ்ந்துவிட்டு இன்னொருவரிடம் வாய்மூடி நின்றால், அந்த மௌனத்துக்கு அவரே ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வார்.