சாண்டியாகோவில் ஒரே மாலை: கோபுரமா, குன்றா?

வணக்கம். ஜூலையில் சிலியின் தலைநகரில் ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது, கிரான் டோரே கோபுரத்தில் ஏறுவதா, சான் கிறிஸ்டோபல் குன்றுக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டிஸ் மலையோடு நகரத்தின் உயர்ந்த கட்டடங்களும் ஒரே படத்தில் வர வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் தயங்காமல் குன்றுக்குப் போங்கள்.

கோபுரத்தின் 61, 62ஆம் தளங்களில் பார்வை மாடம் உண்டு, காட்சி அபாரம்தான். ஆனால் அங்கே நிற்கும்போது, 300 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரமே உங்கள் படத்தில் இருக்காது! கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த சேசர் பெல்லியின் படைப்பு அது. அதை விட்டுவிட்டு எடுக்கும் சாண்டியாகோ படம் எனக்கு நிறைவு தராது. தவிர, கண்ணாடிச் சுவர்களின் பிரதிபலிப்பும் தொல்லை.

குன்றின் உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் கோபுரமும் அதன் பின்னே மலைத்தொடரும் சேர்ந்து தெரியும். மாலை வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து விழுவதால் இரண்டுமே ஒளிரும். காலையில் போனால் எதிர்வெளிச்சம். ஜூலையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கே மேலே இருங்கள். பெல்லாவிஸ்டா பகுதியிலிருந்து 1925 முதல் ஓடும் இழுவை ரயில் உண்டு.

ஒரே கவலை புகைமூட்டம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் அங்கே குளிர்காலமான ஜூலையில் அழுக்குக் காற்று வெளியேறாமல் தேங்கும். சில நாட்களில் மலையே தெரியாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அமைந்தால் பனி மூடிய சிகரங்கள் பளிச்சென்று தெரியும். பயண நாளை மாற்ற முடியுமானால், மழையைப் பார்த்து மாற்றுங்கள்.