ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ரிலே ஓட்டம் எப்படிப் பழக்குவது?

மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த வயசுப் பிள்ளைக்கு ஓடச் சொல்லித்தரவே வேண்டாம். தன் முறை வரும்வரை நிற்பதும், வருவதை ஒழுங்காக வாங்குவதும்தான் அவர்களுக்குப் பெரும் பாடு. விடுமுறை நாட்களில் எங்கள் ஏரியா பிள்ளைகளை மைதானத்தில் பழக்குகிறேன். அங்கேயும் முதல் பாடம் இதுதான்.

ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் குழல்தான் பேட்டன். போட்டிக்கானது 28 முதல் 30 செ.மீ. நீளம், 12 முதல் 13 செ.மீ. சுற்றளவு. சின்னக் கைக்கு அது கொஞ்சம் பருமன். ஸ்போர்ட்ஸ் ரூமில் டென்னிகாய்ட் வளையம் (எறிந்து பிடித்து விளையாடும் ரப்பர் வளையம்) கிடந்தால் அதை எடுங்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் பிடிபடும். விழுந்தால் உருண்டு ஓடும், அது ஒன்றுதான் தொல்லை.

நாலு பேரை ஒருவர் பின் ஒருவராக உட்கார வையுங்கள். கடைசிப் பிள்ளை "இந்தா" என்று சொல்லி முன்னால் இருப்பவர் கையில் வளையத்தை வைக்கட்டும். "இந்தா" காதில் விழுந்த பிறகுதான் கை பின்னால் போக வேண்டும். அப்புறம் அதையே நின்றபடி, பிறகு நடந்தபடி, கடைசியில் மெதுவோட்டத்தில். குழுவுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஏழாவது ஆள் மண்ணில் வீடு கட்ட ஆரம்பித்துவிடும்.

ஓடவிட்டதும் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். வாங்க வேண்டிய பிள்ளை கோட்டில் நிற்காது. குதித்துக்கொண்டே, கையை நீட்டிக்கொண்டு, கொடுக்க வருபவரை நோக்கியே ஓடும். இருவரும் முட்டிக்கொள்வார்கள். எதிரெதிர் வரிசை வைத்துப் பழக்கினால் இது அதிகம். அதனால் வரிசைக்குப் பின்னால் ஒரு கூம்பு வையுங்கள். ஓடி வருபவர் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து கொடுக்கட்டும். வாங்குபவரின் கால் விரல்கள் ஓட வேண்டிய பக்கம் பார்க்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். தலை திரும்பலாம், கால் திரும்பக் கூடாது.

பார்க்காமல் வாங்கும் முறையை இப்போதே திணிக்காதீர்கள். அது 4×100 மீட்டரில் (நாலு பேர், ஆளுக்கு 100 மீட்டர்) வரும் பெரியவர்கள் வித்தை. 4×400 மீட்டரில் உலகத்தரத்து வீரர்களே திரும்பிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி 4×400 மீட்டரை 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்த அந்த ஓட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். கடைசிச் சுற்று ஓடியவர் நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ். அவர் எப்படி நின்று வாங்குகிறார் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கீழே விழுந்தால் யார் தவறவிட்டாரோ அவரே எடுக்க வேண்டும் என்பது நிஜ விதி. அதையும் விளையாட்டாகவே பழக்குங்கள்: வேண்டுமென்றே போடு, எடு, ஓடு. இல்லையென்றால் விழா அன்று வளையம் விழுந்த இடத்தில் இரண்டு பிள்ளைகளும் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

குழுக்களை மோதவிடுவதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு குழுவும் தன் பழைய நேரத்தை முந்தினால் போதும். மெதுவாக ஓடும் பிள்ளையை "உன்னாலதான்" என்று மற்ற மூன்று பேரும் சுற்றி நின்று பேசும் கொடுமை அதில் பாதி குறையும். மீதிப் பாதியை வெளியே நிற்கும் பெற்றோரிடம்தான் சொல்ல வேண்டும்.