பந்தயம் முடிந்த கிரேஹவுண்ட் வீட்டுக்கு வருகிறது: பூனை, பாட்டி, குக்கர் விசில்

கேள்வி: மெல்பர்ன் புறநகரில் தனி வீட்டில் இருக்கிறோம். 6 வயதில் மகள், 4 வயதில் ஒரு பூனை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுக்க ஆசை. சில மாதத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கப்போகிறார். அவருக்கு நாய் என்றாலே பயம். இந்த நாய் எங்கள் வீட்டுக்குச் சரிவருமா? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: சரிவரும். மகளோடும் ஒத்துப்போகும், அம்மாவோடும் ஒத்துப்போகும். சந்தேகம் பூனை விஷயத்தில்தான். அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். துரத்தும் குணம் மிகுந்த நாயை மட்டும் பழக்கி மாற்ற முடியாது, தேர்ந்தெடுக்கும்போதே தவிர்த்துவிட வேண்டும்.

கிரேஹவுண்ட் மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் அல்ல. கண்ணில் பட்டதைத் துரத்தும். சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் ஊர் வேட்டை நாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் புதிதில்லை. ஆனால் எல்லாக் கிரேஹவுண்டுக்கும் துரத்தும் வேகம் ஒரே அளவு உள்ளே இருப்பதில்லை. பந்தயத் தடத்தில் முன்னால் ஓடும் பொம்மையைத் துரத்த மனமில்லாததாலேயே சீக்கிரம் ஓய்வு கொடுக்கப்பட்டவையும் உண்டு. உங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட சோம்பேறிதான்.

விக்டோரியாவில் கிரேஹவுண்ட் ரேசிங் விக்டோரியா அமைப்பே தத்துத் திட்டம் நடத்துகிறது. தனியார் மீட்பு அமைப்புகளும் இருக்கின்றன. யாரிடம் போனாலும் நிறத்தையும் முகத்தையும் பார்த்து மனதைக் கொடுத்துவிடாதீர்கள். “பூனை முன்னால் நிறுத்திப் பார்த்தீர்களா? எவ்வளவு நேரம்? நாய் என்ன செய்தது?” என்று கேளுங்கள். “பூனையோடு சரியாக இருக்கும்” என்ற ஒரு வரி போதாது. ஒரு வீட்டில் சில வாரமாவது தற்காலிகமாக வளர்ந்த நாய், அதிலும் பூனை உள்ள வீட்டில் வளர்ந்த நாய் கிடைத்தால் காத்திருந்தாவது அதையே எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாள் நாயும் பூனையும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். வாசனை மட்டும் பழகினால் போதும். பிறகு நாய்க்கு மசில் என்னும் வாய்க்கூடையை மாட்டி, லீஷைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து பத்து நிமிடமாக நாளைக்கு இரண்டு மூன்று முறை அறிமுகம் செய்யுங்கள். பந்தய நாய்க்கு வாய்க்கூடை பழகிய பொருள். அதைத் தண்டனையாக நினைக்காது. பூனைக்கு ஏறிக்கொள்ள உயரமான இடம் வேண்டும். பெயரைச் சொன்னால் நாய் தலையைத் திருப்புகிறதா, நீட்டிய கோழித் துண்டை வாங்குகிறதா என்று பாருங்கள். வாங்கினால் நல்ல அறிகுறி. உடல் விறைத்து, காது நிமிர்ந்து, இமைக்காமல் பார்த்து, லேசாக நடுங்கி, மூக்கடியில் வைத்த கோழியே கண்ணில் படாமல் நின்றால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, திருப்பிக் கொடுத்து வேறு நாய் கேளுங்கள். ஒத்துப்போனாலும், ஆள் இல்லாதபோது இரண்டையும் ஒரே அறையில் விடாதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: கூடத்தில் பூனையின் பக்கத்தில் படுத்துத் தூங்கும் அதே நாய், தோட்டத்தில் அந்தப் பூனை ஓடினால் துரத்தும். வெளியே இரண்டையும் ஒன்றாக விடவே வேண்டாம்.

அடுத்து வீடு. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓய்வுபெற்று வரும் இந்த நாய்கள் பெரும்பாலும் அதுவரை வீட்டுக்குள் வாழ்ந்தே இருக்காது. கொட்டில், வேன், பந்தயத் தடம் இவைதான் அதற்குத் தெரிந்த உலகம். மாடிப்படி, கண்ணாடிக் கதவு, டிவி, மிக்சி எல்லாம் புதிது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது நாய் சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முதல் வாரம் அது வேறு அறையில் ஏதாவது நக்கிக்கொண்டிருக்கும்போது குக்கரை வையுங்கள், தானே பழகிவிடும். கண்ணாடிக் கதவில் நாயின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து சுமார் 70 செ.மீ.யில், கோல ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் கதவு இருப்பது தெரியாமல் முழு வேகத்தில் மோதும். டைல்ஸிலும் மரத்தரையிலும் கால் வழுக்கும். ஒருமுறை சறுக்கி விழுந்துவிட்டால் அந்த இடத்தைத் தாண்ட மறுத்து நிற்கும். கூடத்திலிருந்து சமையலறை வரை நீளவாக்கில் விரிப்பு போடுங்கள்.

படியேற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் கழுத்துப்பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும். ஏறுவது சீக்கிரம் வந்துவிடும்; இறங்குவதுதான் ஆபத்து. பயந்த நாய் ஆறு படியையும் ஒரே தாவலில் கடக்கப் பார்க்கும், கால் முறியும். பழகும்வரை படிக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள்.

சமையலறை மேடை அதன் மூக்குக்கு எட்டும் உயரம்தான். ஆறவைத்த வடை போனால் தவறு உங்களுடையது. வடையில் இருக்கும் வெங்காயம் அதற்கு விஷம். பாயசத்தில் போடும் திராட்சை, சாக்லேட், இந்த ஊரில் எங்கும் கிடைக்கும் மக்கடேமியா பருப்பு, சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாய் எல்லாமும் அப்படியே. வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். பூஜை அறையில் குத்துவிளக்கு எரியும்போது கதவைச் சாத்துங்கள். அந்த வால் சவுக்கு மாதிரி வீசும், உயரமும் சரியாகச் சுடருக்கு எதிரே.

இந்த நாயின் கழுத்து தலையைவிடத் தடிமன். சாதாரணப் பட்டையை மாட்டினால் பின்னுக்கு ஒரு இழு இழுத்துக் கழற்றிக்கொண்டு போய்விடும். மார்ட்டிங்கேல் என்ற இறுகும் பட்டை, 4–5 செ.மீ. அகலத்தில் வாங்குங்கள். காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பகுதியில் இறுக்கிப் பார்க்கும்போது இரண்டு வளையமும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அளவு சரி. நீண்டு சுருளும் லீஷ் வேண்டவே வேண்டாம். சில எட்டுகளிலேயே மணிக்கு 60 கி.மீ.யைத் தொடும் உடம்பு 8 மீட்டர் கயிற்றின் முடிவில் சட்டென்று நின்றால் கழுத்து என்ன ஆகும்? விக்டோரியாவில் வளர்ப்புக் கிரேஹவுண்டுக்கு வெளியில் வாய்க்கூடை கட்டாயம் என்ற விதி 2019 ஜனவரி 1 முதல் இல்லை. லீஷ் கட்டாயம் அப்படியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிட நாங்கள் சொல்லமாட்டோம். முயலைக் கண்டபின் அதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்காது. தோட்டத்து வேலி ஒன்றரை மீட்டர் உயரம், அடியில் சந்து இல்லாமல் இருக்க வேண்டும். நீச்சல்குளம் இருந்தால் அதற்கும் தடுப்பு வேண்டும். கொழுப்பில்லாத உடம்பு சுலபமாக மிதக்காது.

மகளுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: படுத்திருக்கும் நாயைத் தொடக்கூடாது, கூப்பிட்டு அது எழுந்து வந்தால் தடவலாம். கொட்டிலில் அது தனக்கென்று ஒரு இடத்தில் தூங்கிப் பழகியது. தூக்கத்தில் யாரும் மேலே விழுந்ததில்லை. சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும், விழித்திருக்கிறது என்று நம்பிக் குழந்தை போய்க் கட்டிப்பிடிக்கும், அது திடுக்கிட்டு உறுமும் அல்லது கடிக்கும். இதைக் கோபம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட நாய்கள் பல. படுக்கையை நடைபாதையிலிருந்து தள்ளி ஒரு மூலையில் போடுங்கள். சோபாவில் ஏற்றுவதை முதல் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

அம்மாவின் பயத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அதிகம் குரைக்காத, மேலே தாவாத, நாளில் பெரும்பகுதி தூங்கும் நாய் இது. கவனிக்க வேண்டியது அதன் பாசத்தைத்தான். பிடித்தவர் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகத் தோளைச் சாய்த்து, பிறகு முழு எடையையும் அவர் முழங்காலில் இறக்கிவிடும். 30 கிலோ. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், வயதானவர் தடுமாறி விழுவார். முதலில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நாயை அருகில் விடுங்கள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டால் குளிரோ கோபமோ என்று அவர் பயப்படலாம். பெரும்பாலும் அது சந்தோஷம்தான்.

வேலைக்குப் போகும் வீட்டில் அதிகம் பிழையாவது தனிமை விஷயம். பிறந்ததிலிருந்து மற்ற நாய்களோடு இருந்தது. ஒரு வாரம் லீவு போட்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்துவிட்டுத் திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் விட்டுப்போனால், அன்று மாலைக்குள் கதவு சுரண்டப்பட்டிருக்கும், பக்கத்து வீட்டாரும் வந்திருப்பார்கள். முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்: குப்பை கொட்டப் போகும் அரை நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து, இருபது நிமிடம். பழைய போனைக் கேமராவாக வைத்துப் பாருங்கள். ஊளையிடத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும், அதுதான் அன்றைய எல்லை. உள்ளே ஈரத்தீனி அடைத்த ரப்பர் பொம்மை உதவும். சிறுநீர்ப் பழக்கத்துக்கு விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே அழைத்துப் போங்கள். கொட்டிலில் நேரம் வைத்து வெளியே விட்டுப் பழகியிருப்பதால் சில நாளில் பிடிபடும். நடை நாளைக்கு இரண்டு முறை, 20–30 நிமிடம் போதும். கோடையில் விடியற்காலையிலும் இரவிலும் மட்டும். புறங்கையை நடைபாதையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்று நடை இல்லை. குளிர்காலத்தில் கோட்டு மாட்டுங்கள், ஒல்லி உடம்பும் மெல்லிய முடியும் குளிரைத் தாங்காது. நடுவழியில் சிலைபோல நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்பி ஓரடி வைக்கச் செய்தால் நகரும்.

தீனியை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பழையதோடு புதியதைக் கலந்து 7–10 நாளில் மாற்றுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பந்தய எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூடலாம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும். பாட்டிக்கு அது பட்டினி கிடப்பதாகத் தோன்றும். இதை அவர் வருவதற்கு முன்பே போனில் சொல்லிவையுங்கள்.

மருத்துவர் விஷயம் கொஞ்சம் நீளம், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. முடிந்தவரை கிரேஹவுண்டுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். இதன் ரத்தமே வேறு மாதிரி. ரத்தத்தில் சிவப்பணுவின் விகிதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாக 50–65 சதவீதம் இருக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதல், டி4 என்னும் தைராய்டு ஹார்மோன் அளவு தாழ்வு. இவை நோயல்ல, இனத்தின் இயல்பு. தெரியாத இடத்தில் காட்டினால் ஆரோக்கியமான நாய்க்கு வாழ்நாள் முழுக்கத் தைராய்டு மாத்திரை எழுதிவிடுவார்கள். தொடையில் முடி உதிர்ந்திருப்பதைக் காட்டி அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்த வழுக்கையும் இந்த இனத்தில் சகஜம். மயக்கமருந்தில் தயோபென்டோன் வகையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் அதை மெதுவாகத்தான் சிதைக்கும், தேக்கிவைக்கக் கொழுப்பும் இல்லை. விழிக்க வெகுநேரம் ஆகும். அறுவை நல்லபடி முடிந்து 1 முதல் 4 நாள் கழித்துத் திடீரென்று ரத்தம் கசிவது சில கிரேஹவுண்டுகளில் நடக்கும். உறைந்த ரத்தம் வேகமாகக் கரைந்துவிடுவதுதான் காரணம். அதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் போன்ற மருந்து தேவையா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள்.

நொண்டினால் முதலில் பாதத்தைப் பாருங்கள். புல்லில் நன்றாக நடந்து சிமென்ட்டில் நொண்டினால் பெரும்பாலும் பாதத்தில் கால் ஆணி என்னும் தோல் தடிப்பு. ஏழெட்டு வயதுக்கு மேல் காரணம் தெரியாமல் நொண்டினால் சுளுக்கு என்று வாரக்கணக்கில் காத்திராமல் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புப் புற்று இந்த இனத்தில் அதிகம். பல் தினமும் துலக்க வேண்டும், தத்துக்கு முன் சுத்தம் செய்து கொடுத்திருந்தாலும்.

காகித வேலை: காதில் பச்சை குத்திய எண்ணையும் மைக்ரோசிப் எண்ணையும் தத்துப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சிப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உள்ளூர் நகராட்சியான கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 10-க்குள் புதுப்பிக்க வேண்டும்.

நாய் வருவதும் அம்மா வருவதும் ஒரே மாதத்தில் வேண்டாம். விமானம் இறங்க மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால், அம்மா வந்து பழகிய பிறகு நாயை எடுங்கள். நாய்க்கூடத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். எது தன் நாற்காலிக்கு அருகில் வந்து அமைதியாக நிற்கிறது என்று அவரே பார்க்கட்டும்.