குழாயை விட்டு நகராத எறும்புகள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் வளர்க்க எறும்புகள் வாங்கினேன். ஒரு ராணியும் பத்துப் பன்னிரண்டு வேலைக்கார எறும்புகளும் சோதனைக் குழாயில் வந்தன. கூடவே பல அறைகள் கொண்ட பெரிய அக்ரிலிக் கூடு ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். குழாயைக் கூட்டோடு இணைத்து மூன்று வாரம் ஆகிறது, ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. விற்றவரைக் கேட்டால், "குழாயைத் தட்டிக் கூட்டுக்குள் கொட்டிவிடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தட்டிக் கொட்டும்போது ராணிக்கு அடிபட்டால் உங்கள் கூட்டம் அதோடு சரி. வேலைக்கார எறும்புகள் புது ராணியை உண்டாக்க முடியாது. அடி படாவிட்டாலும், மிரண்ட கூட்டம் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவது உண்டு.

அவை ஏன் நகரவில்லை என்று பாருங்கள். குழாயின் ஒரு கோடியில் தண்ணீர், அதை அடைத்த ஈரப் பஞ்சு, பஞ்சை ஒட்டி முட்டையும் புழுவும். இடம் குறுகல், ஈரம் கைக்கெட்டும் தூரத்தில். பன்னிரண்டு எறும்புகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் அக்ரிலிக் கூடு அவற்றின் கண்ணில் ஆளில்லாத மண்டபம். அங்கே குடியேறினாலும் ஓர் அறையில் முடங்கி, மற்ற அறைகளில் தின்றது போக மிஞ்சிய பூச்சித் துண்டுகளைக் கொட்டி வைக்கும். உங்கள் கை எட்டாத அந்த மூலையில் பூசணம் பிடிக்கும். பெரிய வீடு நல்லது என்பது விற்பவர் கணக்கு. இந்த வியாபாரத்தில் எறும்பைவிடக் கூட்டில்தான் லாபம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது செய்ய வேண்டியது: பெரிய கூட்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் குழாயைப் படுக்க வைத்து, வாய்ப் பஞ்சில் எறும்பு நுழையும் அளவுக்கு வழி விடுங்கள். பெட்டியில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், சின்னப் பூச்சித் துண்டு ஒன்று. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். குழாய்மேல் கறுப்புக் காகிதம் சுற்றி, ஆட்டம் அதிர்வு இல்லாத இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் வைத்திருக்கும் மேசை கூடாது. எறும்பு அதிர்வைக் காலாலேயே உணரும். வாசலில் பஞ்சு நூலையும் குப்பையையும் இழுத்துப் போட்டு அடைத்துக்கொண்டால் பதறாதீர்கள், உள்ளே சௌகரியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்காரர்கள் முப்பது, ஐம்பது என்று பெருகிக் குழாய் நெரிசலானாலோ, தண்ணீர் வற்றினாலோ, பஞ்சு மோசமாகக் கறுத்தாலோ குடிமாற்றலாம். புதுக் கூட்டைப் பசை வாடை போகும்வரை திறந்து வைத்து, ஈரப்படுத்தி, மேலே மூடி இருட்டாக்குங்கள். குழாய்மேல் சுற்றிய காகிதத்தை எடுத்துவிடுங்கள். வெளிச்சம் பிடிக்காததுதான் அவற்றைக் கிளப்பும். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடேற்றாதீர்கள், கண்ணாடிக்குள் வெந்துவிடும். முதலில் ஓர் எறும்பு போய்ப் பார்த்துவிட்டு வரும், பிறகு இரண்டு மூன்று. ஒரு நாள் திடீரென்று ஒவ்வொன்றும் தாடையில் ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு வரிசை கட்டும். இது ஒரே இரவிலும் நடக்கும், வாரக்கணக்கிலும் இழுக்கும். பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ராணி எறும்பு மட்டும் வாங்கினேன். ஒரு மாதமாக எதுவுமே தின்னவில்லை. நோயாளியைத் தலையில் கட்டிவிட்டார்களா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பட்டினி கிடப்பதை வைத்துக் கேட்க முடியாது. லேசியஸ், காம்போனோட்டஸ், மெஸ்ஸார் போன்ற பல வகைகளில் ராணி இணைசேர்ந்து இறங்கியதும் இறகைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன்னை அடைத்துக்கொள்ளும். இனி உதவாத பறக்கும் தசைகளும் உடல் கொழுப்பும் கரைந்துதான் முதல் புழுக்களுக்குத் தீனி. அதுவரை உணவு வைப்பதும் தொந்தரவுதான். வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் மிர்மேசியா போன்ற சில வகைகளில் ராணியே வெளியே வந்து இரை தேடும், அவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எனவே என்ன இனம் என்பதை எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. இணைசேராத ராணியும் இறகை உதிர்க்கும், முட்டையும் இடும். ஆனால் கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். ஆண்கள் எந்த வேலையும் செய்யாதவை. ராணியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் தனி ராணியைவிட, சில வேலைக்காரர்கள் ஏற்கெனவே பொரித்து வந்த ராணியை, விலை கூடினாலும், வாங்கச் சொல்கிறேன். பார்சலில் இறந்தே வந்தால் குழாயைத் திறக்காமல் அப்படியே படம் எடுத்து அன்றே அனுப்புங்கள்.

கேள்வி: குழந்தைக்காக நீலக் கூழ் நிரப்பிய எறும்புக் கூடு வாங்கலாமா? தீனியே வேண்டாம், கூழே உணவு என்கிறார்கள்.

பதில்: சுரங்கம் தோண்டுவதைச் சில வாரம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அதில் ராணி இருக்காது, புழு வளர்க்கப் புரதமும் கிடையாது. ராணியோடு கூடிய கூட்டம் வேறு சங்கதி. லேசியஸ் நைகர் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது. வாங்கித் தருமுன் குழந்தையின் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் வெளிநாட்டு ராணிகள் அழகழகாகக் கிடைக்கின்றன. தருவிக்கலாமா?

பதில்: கென்யாவில் 2025 ஏப்ரலில் சுமார் 5,000 ராணி எறும்புகளுடன் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். எல்லாம் பஞ்சு வைத்த குழாய்கள், உங்களுக்கு வரும் அதே மாதிரி. நீதிமன்றம் விதித்த அபராதம் ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங். பிடித்த ஊரில் அனுமதி இருந்ததா, உங்கள் நாட்டு விதி என்ன என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பவே வேளாண் துறையின் அனுமதி வேண்டும். தப்பிப்போன அந்நிய எறும்பு பூச்சித் தொல்லையாகப் பெருகும் ஆபத்து இருப்பதால்தான் இந்தக் கெடுபிடி.

கேள்வி: பெட்டியிலிருந்து ஏறி வெளியேறாமல் இருக்க, ஃப்ளூவான் என்ற பூச்சு கட்டாயம் என்கிறார்கள். அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா?

பதில்: சிறிய கூட்டத்துக்குத் தேவையில்லை. டால்கம் பவுடரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் குழைத்து, பெட்டியின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூசுங்கள். ஆல்கஹால் ஆவியாகி நன்றாகக் காய்ந்த பிறகுதான் எறும்பை விட வேண்டும். ஏறப் பார்க்கும் எறும்பின் காலடியில் பவுடர் உதிர, அது சறுக்கி விழும். காற்றில் ஈரம் மிகுந்தால் பிடிப்பு கெடும், அப்போது துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். நன்றாகப் பொருந்தும் மூடியும் இருக்கட்டும்.